முன் சைட்டைப் பாருங்கள்

டெக்ஸஸில் குடியேறிய நம்மவர்கள் சிலர், வீடும் வேலையும் ஒரு நிலைக்கு வந்த பிறகு இப்படிக் கேட்பதுண்டு: “ஒரு ரைஃபிள் வாங்கிச் சுட்டுப் பழகலாம்னு இருக்கேன். ஸ்கோப் வெச்சதா வாங்கவா, வெறும் ஐயன் சைட்டோட வாங்கவா?” டீயை ஊற்றிக்கொள்ளுங்கள், நிதானமாகவே சொல்கிறேன். முதல் ரைஃபிள் .22 ஆக இருக்கட்டும். செமி ஆட்டோமேட்டிக் என்றாலும் சரிதான். ஆனால் முதல் ஒரு வருஷமாவது ஐயன் சைட்டோடு மட்டும் சுடுங்கள். அந்த இரண்டு சின்ன இரும்புத் துண்டுகளும் கற்றுத் தருவதை வேறு எந்தக் கருவியும் கற்றுத் தராது. ஏன் என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில் செமி ஆட்டோமேட்டிக் என்பதைத் தெளிவாக்கிக்கொள்வோம். விசையை ஒரு முறை இழுத்தால் ஒரு தோட்டாதான் வெடிக்கும். வெடித்த வேகத்திலேயே காலிக் கூட்டை வெளியே தள்ளி, அடுத்த தோட்டாவைத் துப்பாக்கி தானே அறைக்குள் ஏற்றிக்கொள்ளும். அடுத்த குண்டு போக வேண்டுமானால் விரலை விட்டு மறுபடி இழுக்க வேண்டும். விசையைப் பிடித்திருக்கும்வரை சுட்டுக்கொண்டே இருப்பது முழு ஆட்டோமேட்டிக்; அது வேறு வகை. அமெரிக்காவில் 1934 முதலே அதற்குத் தனிச் சட்டம் இருக்கிறது. 1986-க்குப் பிறகு பதிவான புதிய இயந்திரத் துப்பாக்கிகளைத் தனி மனிதர்கள் வாங்கவே முடியாது.

.22 ரைஃபிள் என்றதும் கடைக்காரர் பெரும்பாலும் முதலில் எடுத்து வைப்பது ரூகர் 10/22. 1964-இல் சந்தைக்கு வந்தது. இதுவரை 50 லட்சத்துக்கும் மேல் விற்றிருக்கிறது. பெயரில் உள்ள 10, மேகசினில் அடங்கும் தோட்டாக்களின் எண்ணிக்கை. அந்த மேகசின் வெளியே துருத்திக்கொண்டு நிற்காது. உள்ளே சுழலும் அமைப்பாக, கட்டையின் அடிப்பாகத்தோடு சமமாக அமர்ந்துவிடும். அடிப்படை மாடலின் குழல் நீளம் 18.5 அங்குலம், எடை சுமார் இரண்டேகால் கிலோ. அது சுடும் .22 லாங் ரைஃபிள் தோட்டா 1887-இல் பிறந்தது. சாதாரணமாக அதன் குண்டு 40 கிரெய்ன், அதாவது இரண்டரை கிராம் சொச்சம். தோளில் உதைப்பது தெரியாத அளவுக்கு மென்மை. சத்தமும் குறைவு, தோட்டா விலையும் குறைவு. பழகுகிறவருக்கு இந்த மூன்றும்தான் முக்கியம். உதைக்கும் துப்பாக்கியில் தொடங்கினால் விசை இழுக்கும் நேரத்தில் உடம்பு தானாகச் சுருங்கும். அந்தப் பழக்கம் ஒட்டிக்கொண்டால் போக்குவது கடினம்.

வாங்குவதற்கு முன்னால் சட்டம். நம்மவர்கள் சறுக்குவது இங்கேதான், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். ஹெச்-1பி, எஃப்-1 போன்ற விசாவில் அமெரிக்கா வந்து அதே நிலையில் இருப்பவர்கள், பொதுவாகத் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். கடையில் வாங்குவது மட்டுமல்ல, ரேஞ்சில் வாடகைக்கு எடுத்து ஒரு மணி நேரம் சுடுவதும் ‘வைத்திருத்தல்’ கணக்கில்தான் வரும். வார இறுதியில் அலுவலக நண்பர்கள் கூப்பிட்டார்கள் என்று போய் நிற்பவர்களுக்கு இது பெரும்பாலும் தெரிவதில்லை. முறையான வேட்டை உரிமம் வைத்திருப்பவருக்குச் சட்டத்திலேயே ஒரு விலக்கு இருக்கிறது. ஆனால் அந்த வழியில் போக நினைப்பவர் முதலில் குடிவரவு வழக்கறிஞரிடம் உட்கார்ந்து பேசிவிட வேண்டும். விளையாட்டாகச் செய்த காரியம் நாடு கடத்தும் வழக்காக மாறக்கூடும். கிரீன் கார்டு உள்ளவர்களுக்கும் குடிமக்களுக்கும் இந்தத் தடை இல்லை.

“எனக்கு முடியாது, உனக்குக் கிரீன் கார்டு இருக்கிறதே, என் காசில் உன் பெயரில் ஒன்று வாங்கித் தாயேன்” என்று யாராவது கேட்டால், எவ்வளவு நெருங்கிய நண்பராக இருந்தாலும் மறுத்துவிடுங்கள். கடையில் நிரப்பும் 4473 என்ற படிவத்தில் கேட்கும் முதல் கேள்விகளில் ஒன்று, உண்மையில் வாங்குபவர் நீங்கள்தானா என்பது. இன்னொருவருக்காக வாங்கிக்கொண்டு ‘ஆம்’ என்று எழுதினால் அதுவே தனிக் குற்றம்.

படிவத்தை நிரப்பிய பிறகு, கடைக்காரர் எஃப்பிஐ நடத்தும் பின்னணிச் சோதனைக்கு விவரங்களை அனுப்புவார். 1998-இலிருந்து நடக்கும் ஏற்பாடு இது. ‘தொடரலாம்’, ‘தாமதம்’, ‘மறுப்பு’ என்று மூன்றில் ஒரு பதில் வரும். பலருக்குச் சில நிமிஷங்களில் முடிந்துவிடும். உரிமம் பெற்ற கடையில் ரைஃபிள் வாங்கக் குறைந்தபட்ச வயது 18; 21 வயதுக்குக் குறைந்தவர்களுக்கு 2022-இலிருந்து கூடுதல் விசாரணை உண்டு. டெக்ஸஸில் இதற்கு மேல் மாநில உரிமம் எதுவும் தேவையில்லை. ஆனால் அதை நம்பி நியூஜெர்சியில் இருக்கும் தம்பிக்கு அறிவுரை சொல்லாதீர்கள். அங்கே முதலில் அடையாள அட்டை வாங்க வேண்டும், இல்லினாயிலும் அப்படியே. கலிஃபோர்னியாவில் பத்து நாள் காத்திருக்க வேண்டும். நியூயார்க்கில் 2022 முதல் செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளுக்குத் தனி உரிமம் வேண்டும். வாஷிங்டன் மாநிலம் 2018-இல் வாக்கெடுப்பில் ஏற்ற சட்டம், இந்தச் சின்ன .22 உட்பட எல்லா செமி ஆட்டோமேட்டிக் ரைஃபிளையும் ஒரே கடுமையான வகைக்குள் கொண்டுவந்துவிட்டது. எந்த மாநிலத்தில் குடியிருக்கிறீர்களோ அந்த மாநிலச் சட்டம்தான் உங்கள் சட்டம்.

கடையில் துப்பாக்கியைக் கையில் கொடுத்ததும் செய்ய வேண்டியது ஒன்றே. குழல் முனை யார் மீதும் போகாமல் பிடித்து, மேகசின் இல்லை என்று பார்த்து, போல்ட்டைப் பின்னால் இழுத்து, அறை காலியா என்று கண்ணால் பாருங்கள். கடைக்காரர் இப்போதுதான் பார்த்துவிட்டுக் கொடுத்தார் என்றாலும் பாருங்கள். அதை அவர் தவறாக எடுத்துக்கொள்ள மாட்டார். உங்கள் மீது அவருக்கு மதிப்புதான் கூடும். பிறகு தோளில் வைத்துப் பாருங்கள். கண்ணை மூடி, கன்னத்தைக் கட்டையில் இயல்பாகச் சாய்த்து, கண்ணைத் திறந்தால் இரண்டு சைட்டுகளும் ஏறத்தாழ நேர்கோட்டில் தெரிய வேண்டும். கழுத்தை நீட்டியோ குறுக்கியோ தேட வேண்டியிருந்தால் கட்டையின் நீளம் உங்கள் உடம்புக்கு ஒத்துவரவில்லை. அப்போது வேறு நீளக் கட்டை உள்ள மாடலைக் கேளுங்கள்.

வீட்டுக்கு வந்ததும் கையேட்டை முழுக்கப் படியுங்கள். தொழிற்சாலையில் பூசிய எண்ணெய் குழலுக்குள் இருக்கும். அதைத் துணித்துண்டால் துடைத்துவிட வேண்டும். கையேட்டில் ஒரு விஷயத்தை மட்டும் அடிக்கோடிட்டு வைத்துக்கொள்ளுங்கள். வழக்கமான 10/22-இல் கடைசித் தோட்டா வெடித்த பிறகு போல்ட் பின்னால் நிற்காது, மூடிக்கொண்டுவிடும். வெளியிலிருந்து பார்த்தால் தோட்டா இருக்கும் துப்பாக்கியும் இல்லாத துப்பாக்கியும் ஒன்றுபோலவே தெரியும். விசையை இழுத்து ‘க்ளிக்’ என்று கேட்டதும், காலியாகிவிட்டது என்று சும்மா திருப்பிவிடுவது ஆபத்து. அது வெடிக்காமல் நின்ற தோட்டாவாகவும் இருக்கலாம். குழலைக் குறிப்பலகையை நோக்கியே வைத்து முப்பது விநாடி காத்திருங்கள். பிறகு மேகசினைக் கழற்றி, போல்ட்டை இழுத்துப் பூட்டி, அறைக்குள் கண்ணால் பாருங்கள். இதற்காகவே விசைக் காப்புக்கு முன்னால் போல்ட் பூட்டு ஒன்று வைத்திருக்கிறார்கள். முதல் நாள் வீட்டில் உட்கார்ந்து, தோட்டா இல்லாமல், அந்தப் பூட்டைக் கை தானாகப் போடும்வரை பழகுங்கள்.

இனி ரேஞ்ச். காதுக்கு மூடியும் கண்ணுக்குக் கண்ணாடியும் இல்லாமல் எந்த ரேஞ்சிலும் உள்ளே விட மாட்டார்கள்; .22 தானே என்று காது மூடியைக் கழற்றுவதும் தவறு. பொறுப்பாளர் ‘சீஸ் ஃபயர்’ என்று சொன்ன நொடியில் விரல் விசையை விட்டு வெளியே வந்துவிட வேண்டும். ஆட்கள் குறிப்பலகை மாற்ற முன்னால் போயிருக்கும்போது துப்பாக்கியைத் தொடவே கூடாது. பல ரேஞ்சுகளில் அறைக்குள் ஆரஞ்சு நிறப் பிளாஸ்டிக் கொடி ஒன்றைச் செருகி வைக்கச் சொல்வார்கள். அறை காலி என்பதை எல்லோரும் தூரத்திலிருந்தே பார்க்க அது உதவும். சிலர் .22-ஐ விளையாட்டுத் துப்பாக்கிபோல எடுத்துக்கொள்கிறார்கள். இந்தத் தோட்டா ஒன்றரை மைல் வரை ஆபத்து என்று பெட்டியிலேயே அச்சிட்டு எச்சரிப்பார்கள். குறிப்பலகைக்குப் பின்னால் மண்மேடு இல்லாத வெளியில் ஒரு தோட்டாகூடச் சுடக் கூடாது என்பதற்கு வேறு காரணம் வேண்டியதில்லை.

இப்போது ஐயன் சைட்டுக்கு வருவோம். பின் சைட் கண்ணுக்குப் பக்கத்தில், நடுவே ஒரு வெட்டு உள்ள தகடு. முன் சைட் குழலின் முனையில், உச்சியில் பொன்னிற மணியுள்ள சின்னத் தூண். வெட்டின் நடுவில் மணி நிற்க வேண்டும், இரு பக்கமும் ஒரே அளவு வெளிச்சம் தெரிய வேண்டும், மணியின் தலையும் வெட்டின் மேல் விளிம்பும் சமமாக இருக்க வேண்டும். அந்த மணியைக் குறிப்பலகையின் கறுப்பு வட்டத்துக்குக் கீழே, தொட்டும் தொடாமல் வையுங்கள். நடுவில் வைப்பவர்களும் உண்டு. எதை எடுத்தாலும் ஒவ்வொரு தோட்டாவுக்கும் அதையே கடைப்பிடியுங்கள்.

கஷ்டம் எங்கே என்றால், பின் சைட், முன் சைட், குறிப்பலகை மூன்றும் மூன்று தூரத்தில் இருக்கின்றன. மனிதக் கண் ஒரே நேரத்தில் ஒரு தூரத்தைத்தான் கூர்மையாகப் பார்க்கும். புதிதாக வருகிற எவரும் குறிப்பலகையைக் கூர்மையாகப் பார்ப்பார்கள், ஏனென்றால் அடிக்க வேண்டியது அதைத்தானே. ஆனால் கூர்மையாகத் தெரிய வேண்டியது முன் சைட். குறிப்பலகை கொஞ்சம் மங்கலாகவும் பின் சைட் இன்னும் மங்கலாகவும் இருப்பதுதான் சரி.

ஏன் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். இரண்டு சைட்டுகளுக்கும் நடுவே சுமார் 40 சென்டிமீட்டர் இடைவெளி என்று வைத்துக்கொள்வோம். 25 கெஜம் தள்ளி, அதாவது ஏறத்தாழ 23 மீட்டரில் குறிப்பலகை. முன் சைட் வெட்டின் நடுவிலிருந்து ஒரு மில்லிமீட்டர் விலகினால் குறிப்பலகையில் அந்தப் பிழை அறுபது மடங்குக்குச் சற்றுக் குறைவாகப் பெருகும். குண்டு ஏறத்தாழ 6 சென்டிமீட்டர் தள்ளிப் போய் விழும். இதற்கு மாறாக, இரண்டு சைட்டுகளும் சரியான நேர்கோட்டில் இருந்து, துப்பாக்கி மொத்தமாகக் குறிப்பலகையில் ஒரு மில்லிமீட்டர் அளவு அசைந்தால் குண்டும் ஒரு மில்லிமீட்டர்தான் தள்ளும். கை ஆடுவதைக் கண்டு பயப்பட வேண்டாம்; ஆடாத கை யாருக்கும் இல்லை. சைட்டுகள் ஒன்றோடொன்று விலகாமல் பார்த்துக்கொள்வதுதான் நம் வேலை. அதைப் பார்க்க முன் சைட் கூர்மையாகத் தெரிய வேண்டும்.

மேஜையில் மணல் பையை வைத்து, அதன்மேல் ரைஃபிளின் முன்கட்டையைச் சாய்த்து உட்காருங்கள். மூச்சை இயல்பாக விட்டு, அடுத்த மூச்சு வருவதற்கு முன் கிடைக்கும் சின்ன இடைவெளியில் விசையை மெல்ல அழுத்துங்கள். எப்போது வெடிக்கும் என்று உங்களுக்கே தெரியாத அளவுக்கு மெல்ல. வெடித்த பிறகும் விரலை உடனே விடாமல், முன் சைட் எங்கே போய் நிற்கிறது என்று பாருங்கள். செமி ஆட்டோமேட்டிக்கில் அடுத்த தோட்டா தயாராக இருப்பதால் கை பரபரக்கும். அந்தப் பரபரப்புக்கு இடம் கொடுத்தால் பெட்டி காலியாகும், பாடம் ஒன்றும் மிஞ்சாது. தொடக்கத்தில் மேகசினில் ஐந்து தோட்டா மட்டும் போட்டு, ஒவ்வொன்றையும் தனித் தோட்டாவாக நினைத்துச் சுடுங்கள்.

ஐந்தும் போன பிறகு குறிப்பலகையைப் பாருங்கள். என் புது ரைஃபிளில் முதல் நாள் ஐந்து ஓட்டைகளும் ஒரு ஐம்பது காசு அகலத்துக்குள் நெருங்கியிருந்தன. ஆனால் நடுவில் இல்லை; இடது பக்கமாக, கொஞ்சம் கீழே. அதைப் பார்த்ததும் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது, ஏனென்றால் அந்தக் காகிதம் இரண்டு தனிச் செய்திகளைச் சொல்கிறது. ஓட்டைகள் எவ்வளவு நெருங்கியிருக்கின்றன என்பது சுடுகிறவரைப் பற்றிய செய்தி. அவை எங்கே இருக்கின்றன என்பது சைட்டைப் பற்றிய செய்தி. ஓட்டைகள் சிதறிக் கிடக்கும்போது சைட்டைத் தொடக் கூடாது. சிதறலுக்கு நடுப்புள்ளி நிலையாக இருக்காது. இன்று வலது பக்கம் தள்ளியதை நாளை இடது பக்கம் தள்ள வேண்டிவரும். முதலில் நெருக்கம், பிறகுதான் திருத்தம். புதிதாக வாங்கியவர்கள் ஏமாற்றம் அடைவது பெரும்பாலும் இந்த வரிசையைத் தலைகீழாக்கித்தான்.

திருத்தத்துக்கு விதி எளிது. குண்டு எந்தப் பக்கம் போக வேண்டுமோ அந்தப் பக்கம் பின் சைட்டை நகர்த்துங்கள். முன் சைட்டை நகர்த்துவதாக இருந்தால் எதிர்ப்பக்கம். ஓட்டைகள் 4 சென்டிமீட்டர் இடது பக்கம் விழுந்தால், மேலே போட்ட கணக்குப்படி பின் சைட் முக்கால் மில்லிமீட்டருக்கும் சற்றுக் குறைவாக வலப்பக்கம் போக வேண்டும். குழலில் வெட்டிய காடியில் அது இறுக்கமாக அமர்ந்திருக்கும். பித்தளைக் குச்சியை வைத்துச் சின்னச் சுத்தியலால் இலேசாகத் தட்ட வேண்டும். இரும்புக் குச்சியால் தட்டினால் வடு விழும். தட்டுவதற்கு முன், சைட்டிலும் குழலிலும் சேர்ந்து வரும்படி பென்சிலால் ஒரு கோடு போட்டுக்கொள்ளுங்கள். எவ்வளவு நகர்ந்தது என்று அதுவே காட்டும். உயரத்துக்கு, பின் சைட் தகட்டில் உள்ள திருகுகளைத் தளர்த்தித் தகட்டைச் சிறிது ஏற்றி மறுபடி இறுக்க வேண்டும். திருத்தியதும் மறுபடி ஐந்து தோட்டா. ஒரே ஒரு தோட்டாவைச் சுட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள்.

தோட்டாவின் பிராண்டை மாற்றினால் ஓட்டைகளின் இடமும் நெருக்கமும் மாறும். இரண்டு மூன்று வகைகளை வாங்கி ஒரே நாளில் சுட்டு ஒப்பிட்டு, உங்கள் குழலுக்குப் பிடித்ததைத் தேர்ந்தெடுங்கள். வேகம் மிகக் குறைந்த தோட்டாக்களில் போல்ட்டைப் பின்னால் தள்ளும் வலு போதாமல், காலிக் கூடு வாயிலில் சிக்கிக்கொள்ளலாம். 50 கெஜத்துக்குச் சரிசெய்த .22, 100 கெஜத்தில் ஏறத்தாழ அரை அடி கீழே விழும். எனவே உங்கள் ரைஃபிள் எந்தத் தூரத்துக்குச் சரியாக்கப்பட்டது என்பதைக் குறித்து வையுங்கள்.

நாற்பது வயதைத் தாண்டியவர்களுக்கு ஒரு வார்த்தை. வெட்டு உள்ள பின் சைட் உங்களுக்கு மிகவும் மங்கலாகத் தெரியும். அதற்காக ஸ்கோப்புக்கு ஓட வேண்டாம். வெட்டுக்குப் பதிலாகச் சின்னத் துளை உள்ள பின் சைட் தனியாகக் கிடைக்கிறது. கண் மருத்துவர் ஊசித்துளை உள்ள தகட்டைக் கண்முன் வைத்து எழுத்தைப் படிக்கச் சொல்வாரே, அந்தத் தத்துவம்தான் இதிலும். துளை வழியாகப் பார்க்கும்போது முன் சைட்டும் குறிப்பலகையும் ஒருசேரத் தெளிவடையும். துளையின் நடுவைக் கண் தானாகவே தேடிக்கொள்ளும். 1936-இல் அமெரிக்கப் படை ஏற்றுக்கொண்ட எம்1 கேரண்ட் ரைஃபிளில் இருந்ததும் துளை சைட்தான். ஒலிம்பிக் ரைஃபிள் போட்டிகளில் தொலைநோக்கிக்கு இடமே இல்லை. 2008-இல் பெய்ஜிங்கில் அபினவ் பிந்த்ரா தங்கம் வென்ற 10 மீட்டர் ஏர் ரைஃபிள் போட்டியில் நடுப்புள்ளி அரை மில்லிமீட்டர்தான். கடலூரில் பிறந்த இளவேனில் வாலறிவன் உலகக் கோப்பைகளில் தங்கம் வென்றதும் அதே போட்டியில், அதே துளை சைட்டில்தான். பூதக்கண்ணாடி இல்லாமல் துல்லியம் வராது என்பவர்களுக்கு இந்த இரண்டு பெயர்களே போதும்.

கடைசியாகச் சொன்னாலும் இதைத்தான் நான் மிக அழுத்திச் சொல்ல விரும்புகிறேன். .22 குண்டு பெரும்பாலும் மூடாத ஈயம்; சுட்டு முடித்ததும் கையை நன்றாகக் கழுவாமல் எதையும் சாப்பிடாதீர்கள், வீட்டில் சின்னக் குழந்தை இருந்தால் அந்தச் சட்டையோடு தூக்காதீர்கள். ரைஃபிளுக்கு முன்னால் பூட்டுள்ள இரும்பு அலமாரி வாங்குங்கள். தோட்டாவை வேறிடத்தில் பூட்டுங்கள். 2020-இல் அமெரிக்காவில் 1 முதல் 19 வயது வரையிலானவர்களின் மரணத்துக்கு முதல் காரணமாகத் துப்பாக்கி வந்துவிட்டது. சாலை விபத்தையும் அது தாண்டிவிட்டது. அந்நாட்டில் துப்பாக்கியால் நேரும் மரணங்களில் பாதிக்கு மேல் தற்கொலைகள். வீட்டில் யாராவது மனம் உடைந்து இருக்கும் காலத்தில் ரைஃபிளை வீட்டில் வைக்காதீர்கள். சில கடைகளும் ரேஞ்சுகளும் பாதுகாத்துத் தருகின்றன. பூட்டி வைக்கும் ஒழுங்கு இல்லாதவர் இந்தப் பொழுதுபோக்குக்கு வரவே வேண்டாம் என்பது என் கருத்து.

அந்த ஒழுங்கு உள்ளவர்களுக்கு என் யோசனை இதுதான். ஸ்கோப்புக்கும் மற்ற அலங்காரச் சாமான்களுக்கும் எடுத்து வைத்த காசைத் தோட்டாவிலும் பயிற்சியிலும் போடுங்கள். 2006-இல் தொடங்கிய ஆப்பிள்சீட் என்ற தன்னார்வப் பயிற்சி நாடு முழுக்க நடக்கிறது. 25 மீட்டரில் சின்னச் சின்னக் குறிகளை வைத்து, படுத்தும் உட்கார்ந்தும் நின்றும் சுடச் சொல்லித் தருகிறார்கள். அங்கே வருகிறவர்களில் பலர் கையில் இருப்பது இந்த 10/22-தான். ஒரு வருஷம் ஐயன் சைட்டில் பழகியவர் ஸ்கோப் வைத்த ரைஃபிளை எடுத்தால் அன்றே நன்றாகச் சுடுவார், ஏனென்றால் மூச்சும் விரலும் ஏற்கெனவே பழகியிருக்கும். ஸ்கோப்பிலேயே தொடங்கியவருக்குக் குறி பெரிதாகத் தெரியும். ஆனால் தன் விசை விரல் என்ன செய்கிறது என்று தெரியாமலே வருஷங்கள் போய்விடும். எனவே முன் சைட்டைப் பாருங்கள், மெல்ல அழுத்துங்கள், ஐந்து ஓட்டைகளும் நெருங்கும்வரை சைட்டில் கை வைக்காதீர்கள்.